தொண்ணூற்றாறு பங்கு

தாரகை வாயைத் திறந்தால் கடைத்தெருவில் நிற்பவர்களுக்குத் திடீரென்று வேலை வந்துவிடுகிறது. மூன்று மாதமாக அவளுக்குப் புரியாத விஷயம் இது.

அன்று காலையும் அப்படித்தான் நடந்தது. காய்கறிக் கடையில் நின்று, "கால் கிலோ அவரைக்காய் குடுங்கண்ணே," என்றாள். கடைக்காரர் முத்துக்கருப்பன் அதுவரை வெங்காயக் கூடையை உதறியபடி யாரையோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. காயை இரண்டு கையாலும் அள்ளினார், எடை போடாமலேயே பையில் கொட்டி நீட்டினார். பக்கத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. இன்னொருத்திக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. சும்மாவே போய்விட்டாள்.

"என்னண்ணே, உடம்புக்குச் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் தாயி. நீ வீட்டுக்குப் போ. வெயில் ஏறுதுல்ல," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

முகில்பாறையில் காலை எட்டு மணிக்கு என்ன வெயில் ஏறிவிடப் போகிறது. தாரகை பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். அவர் கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருப்பாள். ஆனால் அவர் குரலில் இருந்தது பாசம். பாசத்தோடு ஒருத்தியை விரட்டினால் அவள் அதை எப்படித்தான் எடுத்துக்கொள்வது?

இத்தனைக்கும் இந்த ஊர் அவளுக்குச் செய்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. அவளுடைய பயத்தை ஆளுக்கொரு பங்காக எடுத்துக்கொண்டவர்கள் தொண்ணூற்றாறு பேர். முத்துக்கருப்பன் அதில் நான்காவது ஆள்.

அச்சப்பங்கீடு வழக்கத்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. விபத்திலோ வெள்ளத்திலோ தீயிலோ மாட்டிக்கொண்டு மீண்டவர்களுக்கு உடம்பு தேறினாலும் பயம் தேறாது. அதை மூளையிலிருந்து அழித்துவிடலாம் என்றுதான் முதலில் முயன்றார்கள். அழித்துப் பார்த்ததில் பயத்தோடு சேர்ந்து பெற்ற பிள்ளையின் பெயரும் போயிற்று. பிறகுதான் ஒருவர், அழிக்க முடியாததைப் பிரிக்க முடியும் என்று கண்டுபிடித்தார். பகுப்பான் என்று ஒரு பெட்டி, இட்லிச் சட்டி அளவில் இருக்கும். அதிலிருந்து ஒரு பட்டை பயந்தவரின் நெற்றிக்கு, இன்னொரு பட்டை எதிரே உட்காருபவரின் மணிக்கட்டுக்கு. நான்கு நிமிடத்தில் ஒரு பங்கு கைமாறிவிடும். நூறு பேர் பங்கு போட்டால் ஒருவருக்கு வந்து சேருவது கரப்பான்பூச்சியைக் கண்டால் வருகிற அளவுகூட இருக்காது. பயந்தவருக்கோ நடந்ததெல்லாம் அப்படியே நினைவிருக்கும், நினைத்தால் உடம்பு மட்டும் பதறாது.

தாரகைக்கும் எல்லாம் நினைவிருந்தது. அவள் கம்பியூர்தி ஓட்டுநர். முகில்பாறையிலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் இருக்கும் தேனூத்துக்குப் போகிற கம்பியூர்தி அது. அரசாங்கம் வைத்த பெயர் அது, ஊர்க்காரர்கள் கூண்டு என்பார்கள். பத்து மாதத்துக்கு முன்பு, ஒரு விடிகாலையில், இருபத்து நான்கு பேரோடு கூண்டு நடுப்பள்ளத்தில் நின்றுவிட்டது. பதினோரு மணி நேரம் தொங்கியது. காற்றில் ஒருமுறை சாய்ந்தபோது கதவு பிய்த்துக்கொண்டு மூன்று பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருபத்தொரு பேரையும் சாயங்காலம் வரை சிதறவிடாமல் வைத்திருந்தது தாரகைதான். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதட்டி, கெஞ்சி, கதை சொல்லி, ஒருவரையும் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் இல்லாவிட்டால் நாங்கள் கையை விட்டிருப்போம் என்று பிழைத்தவர்கள் பேட்டி கொடுத்தார்கள்.

பேட்டி கொடுக்க அவளால் முடியவில்லை. இறங்கியதிலிருந்து ஏழு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் குறையில்லை என்றார்கள் மருத்துவர்கள். வாயைத் திறப்பாள், ஏதாவது சொல்லப் போவாள், வேர்த்துக் கொட்டும், மூடிக்கொள்வாள். வேலை போயிற்று, சாப்பாடு குறைந்தது. கணவன் எப்போதோ பிரிந்து போய்விட்ட வீட்டில் இருபது வயது மகள் வீராயிதான் ஒற்றை ஆளாக அவளைப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அண்ணன் மனைவி தன்ஷிகா களத்தில் இறங்கினாள். அந்தக் காலத்துப் பெயர், அறுபது வயது, ஊரில் எந்த நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாய் நிற்கிற பெண். தேனூத்தில் இருக்கும் பங்கீட்டு நிலையத்துக்கு அலைந்து ஏற்பாடெல்லாம் செய்தவள் அவள்தான். நிலையத்தின் பங்கீட்டாளர் ஜெரின் முப்பது வயதுப் பையன். விதிப்புத்தகத்தைப் பிரித்து, வேறு மாவட்டங்களில் பதிவு செய்து வைத்திருக்கும் ஆட்களை வரவழைத்துத்தான் பங்கு கொடுக்க வேண்டும், அப்படித்தான் பரிந்துரை என்றான்.

"எங்க வீட்டுத் துட்டிக்கு ஊர்பேர் தெரியாதவன் வந்து உக்காந்துட்டுப் போறதா? அப்ப நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று கேட்டாள் தன்ஷிகா.

துட்டி என்றால் அந்தப் பக்கத்தில் சாவுத் துக்கம். துட்டி கேட்கப் போகாதவன் உறவே இல்லை. ஜெரின் புத்தகத்தை மறுபடி புரட்டினான். ஏன் வெளியூர்க்காரர்கள் என்று அதில் காரணம் எழுதியிருக்கவில்லை. காரணம் இல்லாத விதியை மதினிமார்களுக்கு எதிராக எத்தனை நாள்தான் காப்பாற்ற முடியும்? அதே வீட்டு ஆட்கள் மட்டும் கூடாது, அவர்கள் ஏற்கெனவே பயந்திருப்பார்கள் என்ற ஒரு விதியை மட்டும் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டு, மற்றதை விட்டுக்கொடுத்தான்.

மூன்று நாள் நடந்தது. தாரகை வீட்டில் பந்தல் போட்டார்கள். ஆண்கள் வெளியே பெஞ்சில், பெண்கள் உள்ளே பாயில். ஒவ்வொருவராக வந்து, கண்ணைக் கட்டி உட்காரவைத்திருந்த தாரகையின் எதிரே உட்கார்ந்து, கையை நீட்டி, நான்கு நிமிடம் தலைகுனிந்து இருந்துவிட்டு, துட்டி வீட்டு வழக்கப்படி போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். மூன்றாம் நாள் மாலை தாரகை, "மதினி, கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றாள். பந்தலே அழுதது.

அதன்பிறகு இந்த மூன்று மாதம்.

எங்கே தவறினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை இறந்துபோன மூன்று பேருக்கும் அவள்தான் காரணம் என்று ஊர் நினைக்கத் தொடங்கிவிட்டதோ? அப்படியென்றால் ஏன் பாயில் வந்து உட்கார்ந்தார்கள்? ஒருவேளை பயம் போனதோடு வெட்கம் மானமும் போய், கூச்சமில்லாமல் ஏதாவது பேசித் தொலைக்கிறாளோ? அந்த மூன்று பேரின் முகத்தையும் நினைத்துப் பார்த்தாள். வருத்தமாக இருந்தது. ஆனால் பழைய நாளிதழில் படித்த வருத்தம் மாதிரி இருந்தது. இது போதுமா, இதைவிட அதிகம் வர வேண்டுமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

வேலையிலும் இதே கதை. புதுக் கம்பி, புதுக் கூண்டு என்று எல்லாம் சரிசெய்து ஒரு மாதமாய் மறுபடி ஓட்டுகிறாள். கதவு மூடும் முன், "வணக்கம். கூண்டு கிளம்பப் போகுது, எல்லாரும் கைப்பிடியைப் பிடிச்சுக்கங்க," என்று ஒலிபெருக்கியில் சொன்னால் போதும். உள்ளூர்க்காரர்கள் குடையை மறந்தேன், கண்ணாடியை மறந்தேன் என்று ஒவ்வொருவராய் இறங்கிவிடுவார்கள். சேலத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஜோடி மட்டும் உட்கார்ந்திருக்கும். கூண்டு மேல் பயமா என்றால், அடுத்த ஓட்டுநர் எடுக்கிற கூண்டில் அதே ஆட்கள் ஏறுகிறார்கள். அவள் மேல் நம்பிக்கை இல்லையா என்றால், ஒரு வாரம் தொண்டை கட்டியிருந்தபோது வேறு யாரோ பேசிப் பதிவு செய்து வைத்திருந்த அறிவிப்பைப் போட்டாள், அந்த வாரம் ஒருவரும் இறங்கவில்லை. யோசிக்க யோசிக்க நூல்கண்டு சிக்கிக்கொண்டே போனது.

ஊர் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடலாம். வீராயியை எப்படி விடுவது?

வீராயி இப்போதெல்லாம் காதடைப்பானைக் கழற்றுவதே இல்லை. பக்கத்து அறையிலிருந்து, சாப்பாடு ஆச்சா என்று செய்தி அனுப்புகிறாள். நேரில் பேசினால் ஆமாம், இல்லை என்று முடித்துக்கொள்கிறாள். ஏழு மாதம் ஊமைத் தாய்க்குச் சோறு ஊட்டியவள், தாய் பேசத் தொடங்கியதும் இப்படி ஆகிவிட்டாள்.

அவரைக்காய் வாங்கி வந்த அன்று மதியம் சாப்பிடும்போது வீராயி சொன்னாள். "விடுதியில இடம் கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை போறேன்."

"கூண்டுல ஏறினா பன்னெண்டு நிமிஷத்துல காலேஜு. எதுக்குடி விடுதி?"

வீராயியின் தோள் இரண்டும் ஒரு விரற்கடை மேலேறின. "படிக்கணும்மா."

"இங்க படிச்சா ஏறாதா? சரி, போ. நான் என்ன செஞ்சேன்னு அதையாவது சொல்லிட்டுப் போ."

"நீ ஒண்ணும் செய்யல."

"இதையேதான் ஊரே சொல்லுது. ஒண்ணும் செய்யாதவகிட்ட இருந்து எல்லாரும் ஓடுவாங்களா? நீயும் ஓடுற. பெத்தவ பேச மாட்டாளான்னு கெடந்தவ நீ. இப்பப் பேசுறேன், கேக்க நாதியில்ல. நான் பழைய மாதிரியே வாயடைச்சுக் கெடந்திருந்தா உனக்கு நல்லா இருந்திருக்குமோ?"

வீராயி சோற்றுக் கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. "பேசாதம்மா. கொஞ்ச நேரம் பேசாத. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்," என்றாள்.

தாரகை வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டில் இருந்த சோறு தட்டிலேயே இருந்தது. ஊரை இழந்தாலும் தாங்கிக்கொள்ளலாம், இவளை இழந்துவிட்டு எதற்காகக் குணமானோம் என்று தோன்றியது. மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கூண்டில் ஏறித் தேனூத்துக்குப் போனாள்.

ஜெரின் அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தான். பங்கு எடுக்காதவன், அதனால் அவள் பேசப் பேச நிம்மதியாக முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அதைப் பார்க்கவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நடந்ததையெல்லாம் கொட்டினாள். பாதியில் அவன் முறுக்கைக் கீழே வைத்தான்.

"அக்கா, பயத்துக்கு ஒரு கொக்கி இருக்கும். மூளை அதை வெறுமனே வச்சுக்காது, எதுலயாவது மாட்டி வைக்கும். தீயில மாட்டினவங்களுக்குப் பெரும்பாலும் வாசனைதான் கொக்கி. பங்கு எடுக்கறவங்களுக்கும் அந்தக் கொக்கியோடதான் போய்ச் சேரும். உங்களுக்கு எது கொக்கின்னு நான் அப்ப பார்க்கல. கூண்டா இருக்கும்னு விட்டுட்டேன்."

"கூண்டு இல்லையா?"

"கூண்டா இருந்தா அடுத்த ஓட்டுநர் கூண்டுல மட்டும் எப்படி ஏறுவாங்க? அன்னிக்குப் பதினோரு மணி நேரமும் விடாம உங்களோட இருந்தது எது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பனிமூட்டமா?"

"மதியமே விலகிருச்சு."

"காத்து?"

"விட்டு விட்டு அடிச்சது."

"உள்ள இருந்தவங்க அழுகை?"

"அவங்க அழுது அழுது ஓஞ்சு போயிட்டாங்கப்பா. பத்து மணிக்கு மேல சத்தமே இல்ல. நான்தான் விடாமப் பேசிக்கிட்டு..."

அவள் நிறுத்தினாள். மேசைமேல் பகுப்பான் இட்லிச் சட்டி மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அந்தப் பதினோரு மணி நேரத்தில் அவள் காதில் மிக அதிகமாக விழுந்தது அவள் குரல்தான். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த குரல், அது பொய் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஏழு மாதம் அவள் ஊமையாக இருந்ததற்கு இப்போதுதான் காரணம் புரிந்தது. தன் குரலுக்கே அவள் நடுங்கியிருக்கிறாள். அந்த நடுக்கத்தைத்தான் தொண்ணூற்றாறாகப் பிரித்து ஊருக்குக் கொடுத்திருக்கிறாள். வேறு மாவட்டத்து ஆட்களாக இருந்தால் வாழ்நாளில் அந்தக் குரலை மறுபடி கேட்டே இருக்க மாட்டார்கள். விதிப்புத்தகத்தில் எழுதாமல் விட்ட காரணம் அதுதான். வந்தவர்களோ அவள் தினமும் நின்று பேசுகிறவர்கள்.

"என் தப்புதான்க்கா," என்றான் ஜெரின். "உங்க மதினி போட்ட சத்தத்துல நானும் யோசிக்கல."

"அதெல்லாம் சரிப்பா. வீராயி பங்கு எடுக்கலையே. வீட்டு ஆளு கூடாதுன்னு நீதானே சொன்ன? அவளுக்கு ஏன் அப்படி ஆகுது?"

அவன் பெயர்ப்பட்டியலைத் திரையில் ஏற்றினான். கடைசிப் பெயர், தொண்ணூற்றாறாவது, தன்ஷிகாவின் மகள் என்று இருந்தது.

"மதினிக்கு ரெண்டும் ஆம்பளைப் பிள்ளைக," என்றாள் தாரகை.

ஜெரின் அந்தப் பதிவைத் திறந்தான். வயது இருபது என்று இருந்தது.

"பங்கு எல்லாருக்கும் ஒரே அளவுதான்," என்றான் அவன் மெதுவாக. "ஆனா கடைக்காரர் ஒரு நாளைக்கு உங்க பேச்சை எவ்வளவு கேப்பார்? ரெண்டு வார்த்தை. உங்க பொண்ணு காலைல இருந்து கேக்குது."

"வாங்கிரு. அவகிட்ட இருந்து வாங்கி வேற யாருக்காவது குடுத்துரு."

"முடியாது. பிரிச்ச பங்கை இன்னொருத்தருக்கு மாத்த முடியாது. எங்கிருந்து வந்துச்சோ அங்கதான் திரும்பிப் போகும்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து அவள் வாயைத் திறக்கவில்லை. தன் அறையில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்து, பட்டியலைப் பார்த்தேன் என்று பக்கத்து அறைக்குச் செய்தி அனுப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு பதில் வந்தது. அத்தையைத் திட்டாதே, நான்தான் காலில் விழுந்து கேட்டேன்.

ஏன்டி செய்தாய்?

ஒரு ஆள் குறைந்தது. தொண்ணூற்றைந்தில் நிறுத்தினால் உனக்கு மிச்சம் நிற்கும் என்று ஜெரின் அண்ணன் சொன்னார். நான் உன் மகள் என்று அவருக்குத் தெரியாது. ஏழு மாதம் உன் குரலைக் கேட்காமல் இருந்தேன் அம்மா. என் பழைய கைப்பேசியில் நீ பால் வாங்கி வரச் சொல்லி அனுப்பிய பதிவு ஒன்று இருந்தது. தினமும் அதைப் போட்டுக் கேட்பேன். நான் ஒரு பங்கு எடுத்தால் நீ பேசிவிடுவாய் என்றால் எடுக்காமல் இருப்பேனா?

அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் மகள் அந்தக் குரலையே கேட்க முடியாத பங்கை வாங்கியிருக்கிறாள். தாரகை கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து அறைக்குக் கேட்கக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

திருப்பிக் கொடுத்துவிடு என்று எழுதினாள்.

மாட்டேன். நீ மறுபடி பேசாமல் போய்விடுவாய்.

ஒரு பங்குதானே. தொண்ணூற்றைந்து பேரிடம் இருக்கிறது.

மாட்டேன் என்றால் மாட்டேன்.

அப்படியானால் விடுதிக்குப் போ. நான் போன் பண்ண மாட்டேன், பண்டிகைக்கு வந்தால் வாயைக் கட்டிக்கொண்டு பரிமாறுகிறேன். அப்படியே இருந்துவிடலாம். உனக்குச் சம்மதமா?

கடைசியில் ஒரு வரி வந்தது. எப்போது போகலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை தேனூத்துக்குப் போனார்கள். திருப்பி வாங்குவது கொடுப்பதைப் போல நான்கு நிமிட வேலையல்ல என்றான் ஜெரின். கொக்கியை அசைத்தால்தான் பங்கு வெளியே வரும். தாரகை பேச வேண்டும், வீராயி கேட்க வேண்டும், காதடைப்பான் கூடாது, நடுவில் நிறுத்தவும் கூடாது. அரை மணி நேரம்.

என்ன பேசுவது என்று தாரகைக்குத் தெரியவில்லை. விபத்தைப் பற்றிப் பேச மனசில்லை. அதனால் அந்த ஏழு மாதம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். நீ முடியை வெட்டிக்கிட்டு வந்தியே, அன்னிக்கே பார்த்தேன், நல்லாவே இல்ல. குழம்புல புளி ஜாஸ்தி போடுற. தேர்வு அன்னிக்கு என்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசில்லாம வாசல்லயே நின்ன பாரு, போடின்னு சொல்ல வாயெடுத்தேன், முடியல. உன் பிறந்தநாளுக்கு நீயே கேசரி கிண்டி எனக்கு ஊட்டினியே, அன்னிக்கு உள்ளுக்குள்ள எத்தனை தடவை வாழ்த்துச் சொன்னேன் தெரியுமா.

வீராயி நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்திருந்தாள். பல் கிட்டித்தது. கண்ணீர் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அவள் அழுவது பயத்தினாலா, சொல்வதைக் கேட்டதினாலா என்று தாரகைக்குப் பிரித்தறிய முடியவில்லை. நிறுத்திவிடலாமா என்று ஜெரினைப் பார்த்தாள். அவன் பேசுங்க என்று சைகை காட்டினான். அவள் பேசிக்கொண்டே போனாள். பதினெட்டாம் நிமிடமோ என்னவோ, வீராயியின் தோள்கள் இறங்கின. விரல்கள் ஒவ்வொன்றாக நாற்காலியை விட்டன. தலையைச் சாய்த்து, வானொலி கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பட்டையைக் கழற்றியதும் அவள் முதலில் சொன்னது, "அம்மா, உன் குரல் இவ்வளவு கரகரப்பாவா இருக்கும்? மறந்தே போச்சு," என்பதுதான். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பத்து மாதமாகத் தாரகை பார்க்காத சிரிப்பு.

"எல்லாம் உன்கூடக் கத்திக் கத்தித்தான்," என்றாள் தாரகை.

சொன்ன மறுகணம் முதுகு சில்லிட்டது. பின்னால் யாரோ நின்றுகொண்டு பேசினார்கள். திரும்பிப் பார்த்தாள். சுவரும் ஒரு நாட்காட்டியும்தான் இருந்தன.

"வந்துருச்சாக்கா?" என்றான் ஜெரின்.

தலையை ஆட்டினாள். கரப்பான்பூச்சி அளவுதான், அவன் சொன்னது சரி. ஆனால் அவன் சொல்லாதது ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கு அடுப்பில் பால் இருக்கிறது, எழுந்து போய்விடலாம். தன் தொண்டையை விட்டு அவள் எங்கே எழுந்து போவது? ஒரு வாக்கியம் பேசினால் அந்த வாக்கியம் முழுக்கப் பூச்சி ஊர்ந்தது. ஆனாலும் ஏழு மாதம் வாயை அடைத்த பயம் அல்ல இது. அதோடு பேச முடிந்தது. பேசப் பேச உடம்பு சிலிர்த்தது, அவ்வளவுதான்.

திரும்பும்போது கூண்டில் வீராயி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "ஏதாவது பேசு," என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தாரகையும் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தடவை பூச்சி ஊர்ந்து போனது. முத்துக்கருப்பன் அவரைக்காயை எப்படி அள்ளினார் என்று நினைத்துக்கொண்டாள். இதையா மூன்று மாதமாக மனிதர் என் எதிரே நின்று தாங்கினார்? கோபப்படாமல், காரணம் சொல்லாமல், போ தாயி என்று மட்டும் சொல்லி?

சொல்லியிருக்க முடியாதுதான். துட்டி வீட்டில் கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் அது கொடுத்ததாகாது. அவள் குரல்தான் காரணம் என்று தொண்ணூற்றாறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் இன்னொருவரிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

முகில்பாறை இறங்குமேடையில் தன்ஷிகா உட்கார்ந்திருந்தாள். பட்டியல் விஷயம் தெரிந்துவிட்டது என்று வீராயி சொல்லியிருக்க வேண்டும். திட்டு வாங்கத் தயாராக, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வீராயி அத்தையைப் பார்த்ததும் நழுவி, மேடைக்கு வெளியே போய்விட்டாள்.

தாரகை பெஞ்சின் எதிரே வந்து நின்றாள். "எத்தனை நேரமா உக்காந்திருக்கீங்க மதினி?" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள்.

தன்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்தது தாரகையின் முன்கையை. அதில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. தன் கையையும் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே.

"உனக்குமா?" என்றாள்.

"ஒரு பங்குதான். வீராயிது."

மறுபடி இரண்டு பேருக்கும் சிலிர்த்தது. எழுந்து போய்விடுவாள் என்று தாரகை காத்திருந்தாள். தன்ஷிகாவின் கால்கள் நிஜமாகவே ஒருமுறை தரையைத் தேடின. பிறகு அவள் நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் இடம் விட்டு, அதைக் கையால் தட்டினாள்.

"உக்காரு. மெதுவாப் பேசு. ரெண்டு பேருமாச் சேர்ந்து பயப்படுவோம்."

தாரகை உட்கார்ந்தாள். மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டாள்.